நான்காம் வார்டின் பதினொரு ஓட்டு

வெர்னா கோசெலுக்குக் கிரெட்டாவைப் பிடிக்காமல் போனது ஒரு சிரிப்பினால்தான். ஹார்லன் மில்ஸ் என்ற ஊரில் கட்சியின் மாவட்டக் கமிட்டி பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அந்தப் பெண் முதன்முதலாக அங்கே வந்து உட்கார்ந்தாள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் வீட்டில் செய்த எதையாவது மூடி எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். அவள் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள். வந்ததும் இல்லாமல் ரோலண்ட் என்ற கமிட்டிக்காரர் கொண்டுவந்த மான்கறித் துண்டுகளை இரண்டாம் தரம் வேறு தட்டில் போட்டுக்கொண்டாள். பிறகு ஏதோ சொன்னாள், தலைவர் ஆர்வில் டெஷ்னர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆர்வில் அப்படிச் சிரித்து வெர்னா பார்த்ததில்லை. அவள் இருபத்திரண்டு வருஷமாக நான்காம் வார்டின் கேப்டன். அவள் சொன்ன எதற்கும் அவர் சிரித்தது கிடையாது. சிரிக்கும்படி அவள் எதையும் சொன்னதும் கிடையாது என்பது வேறு விஷயம். நாலு பேர் கூடிய இடத்தில் அவளுக்கு வாய் வராது. கூட்டம் என்றால் சுவரோரமாக, காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பாள். அங்கே நின்றால் யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யாரைப் பார்க்காமல் இருக்கிறார்கள் என்பது எல்லாம் தெரியும்.

வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வயது அறுபத்தொன்று. அவள் புருஷன் வெண்டல் காகித ஆலையிலிருந்து முழங்கால் வலியோடு ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேரும் மஃபின் என்ற கிழட்டு நாயும்தான். வெர்னாவுக்கு என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே விஷயம் நான்காம் வார்டு.

கேப்டன் என்றால் பெரிய பதவி ஒன்றும் இல்லை. தேர்தல் வந்தால் ஒரு கட்டு அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாகத் தட்ட வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் ஒருவருடைய பெயர், வீட்டு எண், கீழே ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். நம்ம ஆள் என்றால் ஒன்றைச் சுற்றி வட்டம். எதிராளி என்றால் ஐந்து. இன்னும் முடிவு பண்ணாதவர் மூன்று. பேசிவிட்டுப் படியிறங்கியதும் வட்டம் போட்டுத் தேதி எழுதிவிட வேண்டும். வெர்னாவின் அட்டைகளைப் போல் சுத்தமான அட்டைகள் அந்த மாவட்டத்தில் இல்லை. ஒரு திருத்தம் இருக்காது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒன்று என்று போட்டவர் இன்றைக்கும் ஒன்று. ஐந்து என்று போட்டவர் இன்றைக்கும் ஐந்து.

அந்த நவம்பரில் வந்தது இடைக்காலத் தேர்தல். அதிபர் தேர்தலுக்கு இரண்டு வருஷம் கழித்து வருவது, ஓட்டுச் சீட்டில் அதிபர் பெயர் இருக்காது. அதிபர் தேர்தலில் வரிசையில் நிற்கிறவர்களில் மூன்றில் ஒருத்தர் அந்த வருஷம் வீட்டிலேயே இருந்துவிடுவார். யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வராமல் இருக்கிறார்கள் என்பதுதான் அதில் முடிவைச் சொல்லும். இது கமிட்டியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தோற்றார்கள். ஏழு வார்டுகளில் ஐந்து போயிற்று, சட்டமன்ற இடமும் போயிற்று. தப்பியது இரண்டு. ஆறாம் வார்டு போன மூன்று இடைக்காலத் தேர்தலிலும் கைக்கு வராதது, இந்தத் தடவை வந்துவிட்டது. அது கிரெட்டாவின் வார்டு. மற்றது நான்காம் வார்டு. பதினொரு ஓட்டு வித்தியாசத்தில் நின்றது.

பதினொன்று. வெர்னா மறுநாள் காலையில் பள்ளிக்கூடச் சமையலறையில் சூப்பைக் கிண்டிக்கொண்டே அந்த எண்ணை மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மாவட்டம் முழுவதற்கும் கேப்டன்களை நடத்துகிற களப் பொறுப்பாளர் அரிசோனாவில் மகனோடு இருக்கப் போய்விட்டார். அந்த இடம் காலி. மான் வேட்டைப் பருவம் முடிந்து, டிசம்பர் முதல் சனிக்கிழமை கூடும் பாடக் கூட்டத்தில் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆர்வில் சொல்லியிருந்தார். தோற்றாலும் ஜெயித்தாலும் தேர்தலுக்குப் பிறகு அந்தக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு கேப்டனும் எழுந்து தன் வார்டிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும், அதைப் பழுப்புக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள்.

வெர்னா தன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. இந்தத் தடவை கேட்டாள். வாயால் கேட்க முடியாமல், நாலு வரி எழுதி ஆர்விலின் தபால் பெட்டியில் போட்டாள். இரண்டு நாள் கழித்துக் கடையில் பார்த்தபோது அவர், உனக்கு இல்லாத தகுதியா வெர்னா, ஆனால் கிரெட்டா பெயரையும் சில பேர் சொல்கிறார்கள் என்றார். சில பேர் யார் என்று அவள் கேட்கவில்லை. யார் யார் என்று அவளுக்கே தெரியும்.

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் கிரெட்டாதான். அவள் விலங்கு மருத்துவரிடம் உதவியாளாக இருந்தாள். அதனால் ஊரில் நாய், பூனை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். கடையில் பால் எடுக்க நின்றால் நாலு பேர் அவளிடம் பேச நிற்பார்கள். வெர்னா ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்று எண்ணுவாள். தன்னிடம் யார் நின்று பேசினார்கள் என்றும் எண்ணிப் பார்ப்பாள். கிரெட்டாவின் சிவப்பு பூட்ஸ் அவளுக்குப் பிடிக்கவில்லை. தொப்பி போடாமல் பனியில் நடப்பது பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விடப் பிடிக்காதது ஒரு எண். கிரெட்டா ஆயிரத்து நூற்று நாற்பது கதவுகள் தட்டியதாகக் கணக்குக் கொடுத்திருந்தாள். வெர்னா தட்டியது முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு ஆளால அது முடியுமா?" என்று வெண்டலிடம் கேட்டாள்.

"முழங்கால் நல்லா இருந்தா முடியும், கேப்டன்," என்றார் அவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முடியாது என்று வெர்னா முடிவு கட்டினாள். கதவே தட்டாமல் காருக்குள் உட்கார்ந்துகொண்டு வட்டம் போட்டவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் கண்டுபிடித்துவிடலாம்: எல்லா வட்டமும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் இருக்கும். அட்டையில் ஒரு கறை இருக்காது.

கூட்டத்தன்று இரண்டு மணிக்குத்தான் எல்லாரும் வருவார்கள். காப்பி போடுகிறவள் என்பதால் பின்னறைச் சாவி வெர்னாவிடம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அலமாரியைத் திறந்து, கிரெட்டாவின் அட்டைகள் இருந்த பூட்ஸ் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

முதல் அட்டையிலேயே மழை பட்டு மை கலைந்திருந்தது. இரண்டாவதில் காப்பிக் கோப்பையின் வட்டம். ஒன்றின் மூலையை நாய் கடித்திருந்தது. ஒவ்வோர் அட்டையிலும் எண்களின் கீழே பச்சை மையில் கோணல்மாணலாக ஏதாவது எழுதியிருந்தாள். நாயின் பெயர். காது கேட்காது, ஜன்னலைத் தட்டவும். பிரசவப் பிரிவை மூடியதில் கோபம். மருமகளுக்குப் பிப்ரவரியில் பிரசவம், ஐம்பது மைல் போக வேண்டும். பிரசவப் பிரிவு. பிரசவப் பிரிவு, செவிலியாக இருந்தவர். ஊர் மருத்துவமனையில் வசந்தத்திலிருந்து பிரசவம் பார்ப்பதில்லை என்பது வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் கட்சி அடித்துக் கொடுத்த நோட்டீஸில் வாஷிங்டன் அரசியலைத் தவிர ஒன்றும் இல்லை. அதைத்தான் அவள் வாசல் வாசலாகப் படித்துக் காட்டினாள்.

பொய் இல்லை. அந்தப் பெண் ஆயிரத்து நூற்று நாற்பது கதவுகளையும் தட்டியிருக்கிறாள். இது நிச்சயமானதும் வெர்னாவுக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. பொய்க்காரியாக இருந்தால் மன்னித்துவிட்டிருக்கலாம்.

பெட்டியின் அடியில் ரப்பர் வளையம் போட்ட ஒரு சின்னக் கட்டு இருந்தது. மேலே 4 என்று எழுதியிருந்தது. பிரித்தாள். வட்டங்கள் வெர்னா போட்டவை, அவளுடைய பென்சில். மேலே இருந்தவை எல்லாம் ஐந்தும் நாலும். ஒன்றிலும் தேதி இல்லை. போகாத வீட்டுக்குத் தேதி போட அவளுக்கு மனசு வராது. ஐந்து என்று தெரிந்த கதவை எதற்குத் தட்ட வேண்டும்? கதவைத் திறந்து முகத்தைச் சுளிப்பார்கள். வெர்னாவுக்குச் சுளித்த முகத்தைப் பார்க்க முடியாது. அவள் போன வீடுகளில் எல்லாம் சிரித்தார்கள், சில இடத்தில் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

அந்தத் தேதியில்லாத அட்டைகளின் கீழே எல்லாம் பச்சை மை. நாற்பத்து மூன்று அட்டைகள். கடைசி அட்டையில் ஒன்று என்பதில் வட்டம் இருந்தது. பெயர்: வெண்டல் கோசெல்.

அவள் வீடு. அவள் புருஷன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளே போட்ட வட்டம்தான், ஒவ்வொரு தேர்தலுக்கும் புது அட்டைக்கு மாற்றி எழுதி எழுதி வந்திருந்தது. கீழே பச்சை மை இப்படிச் சொன்னது: நாய் மஃபின், காதில் புண். இவருக்கு முழங்கால். அதிபர் தேர்தலுக்கு மட்டும் போவார். இடைக்காலத்தில் ஓட்டுப் போட்டுப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். ஏன் என்று கேட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்றார். அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். வருகிறேன் என்றார்.

வெர்னா வாக்காளர் பட்டியலை எடுத்தாள். யாருக்குப் போட்டார்கள் என்று அதில் இருக்காது, போட்டார்களா இல்லையா என்பது இருக்கும். ஊரில் அத்தனை பேருடைய வரியையும் அவள் பார்த்திருக்கிறாள், தன் வீட்டு வரியைப் பார்த்ததில்லை. இந்த வருஷம் புள்ளி இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் காலி. எட்டு, காலி. பன்னிரண்டு, காலி. அந்தத் தேர்தல் நாட்களிலெல்லாம், போட்டாச்சா என்று அவள் கேட்பாள், ம் என்பார் அவர். அவள் அடுத்த தெருவுக்கு ஓடுவாள்.

மற்ற அட்டைகளையும் பட்டியலோடு வைத்துப் பார்த்தாள். நாற்பத்து மூன்றில் பத்தொன்பது பேர் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். பத்தொன்பதிலிருந்து பதினொன்றைக் கழித்துப் பார்க்க அதிகப் படிப்பு வேண்டியதில்லை: இவர்கள் வராமல் இருந்தால் வார்டு போயிருக்கும்.

அவள் கட்டைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடினாள். பிறகு காப்பி போட்டாள்.

இரண்டு மணிக்கு வந்தவர்கள் முதலில் மான்களைப் பற்றிப் பேசி முடித்தார்கள். ரோலண்ட் இந்த வருஷமும் கொம்பில்லாததைத்தான் சுட்டிருந்தார். பிறகு பழுப்புக் காகிதம் சுவரில் ஏறியது. ரோலண்ட் முதல் வார்டு, எழுதுகிறவரும் அவர்தான். கட்சிப் பெயர் போட்டு வீட்டு வாசலில் நடும் போர்டுகள் பத்தாது என்று சொல்லி அதையே எழுதினார். நாலு வருஷத்துக்கு முன்னாலும் எட்டு வருஷத்துக்கு முன்னாலும் அவர் அதையேதான் எழுதினார். பழைய காகிதங்களைச் சுருட்டி வைத்திருக்கிற வெர்னாவுக்கு அது தெரியும். இரண்டாம் வார்டு வாஷிங்டன்மேல் பழி போட்டது. மூன்றாம் வார்டுக்கு மழை. அதிபர் எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கு இடைக்காலத்தில் எதிர்க்காற்றுதான் அடிக்கும், நாம் என்ன செய்ய முடியும் என்று ஐந்தாம் வார்டு கையை விரித்தது.

"இப்படியே எல்லாத்துக்கும் காத்து மேல பழி போட்டா, நாலாம் வார்டுல மட்டும் காத்து அடிக்கலையா?" என்றார் ஆர்வில். "வெர்னா புடிச்சு நிறுத்தினாளே. அவளுக்கு ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். வெர்னா அவர்களைப் பார்க்கவில்லை, கிரெட்டாவைப் பார்த்தாள். கிரெட்டாவும் தட்டினாள். சும்மா ஒப்புக்கு இல்லை, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

கிரெட்டா காப்பிக்கு வந்தபோது வெர்னா காப்பிப் பாத்திரத்தின் குழாயைத் திறந்துகொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"என் வார்டு அட்டை உன் பெட்டிக்கு எப்படி வந்துச்சு?"

கிரெட்டாவின் முகம் சிவந்துபோனது. "ஆர்வில்தான் குடுத்தார். தேதி போடாததெல்லாம் மிச்சம், போயிட்டு வான்னார். உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரே."

"சொல்லல."

"ஐயோ. ரெண்டு சனிக்கிழமைதான் வெர்னா. பெருசா ஒண்ணுமில்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"என் வீடுன்னு தெரிஞ்சுதானே போன?"

"தெரிஞ்சுதான் போனேன்." கிரெட்டா கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "டுலூத்துல எங்கம்மா பதினாறு வருஷம் கேப்டன். ஊர் பூரா தட்டுவாங்க. எங்கப்பா ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல. அவர் செத்தப்புறம்தான் எங்கம்மாவுக்கே தெரியும்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாளே, அதுதான் வெர்னாவுக்குத் தாங்கவில்லை. பொறுப்பு தனக்கே வரலாம். வந்தால் அது இந்தச் சிவப்பு பூட்ஸ்காரி வாயை மூடிக்கொண்டதால் வந்ததாக இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இவள் எதிரில் உட்கார்ந்து மான்கறி தின்பாள், தாராள மனசோடு சிரிப்பாள். நாய்கள், பூனைகள், ஆர்விலின் சிரிப்பு, வெண்டல், இவ்வளவும் போதாதென்று தன் பதவியும் அவள் கொடுத்ததாக இருக்க வேண்டுமா?

ஆர்வில் அவளைக் கூப்பிட்டார். வெர்னா முன்னால் போய் நின்றாள். கைப்பையைத் திறந்து கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நாலாம் வார்டை நான் நிறுத்தல," என்றாள். "இவ நிறுத்தினா. என்கிட்ட நல்லா பேசுறவங்க வீட்டுக்கு மட்டும்தான் நான் போனேன். அவங்க எப்படியும் ஓட்டுப் போடுவாங்க. மத்த நாப்பத்து மூணு வீட்டுக்கு இவ போனா. அதுல ஒண்ணு என் வீடு. என் புருஷன் பன்னெண்டு வருஷமா இந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போடல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

ஆர்வில் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோலண்ட் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

"இதுல பாடம்னு என்னத்த எழுதுறது வெர்னா?"

"என் வீட்டு நம்பரை எழுது," என்றாள் அவள்.

எழுதினார். வாசல் போர்டு, வாஷிங்டன், மழை, காற்று என்பவற்றின் கீழே, 318, டாமராக் தெரு என்று இருந்தது. அதற்கும் கீழே கிரெட்டா வந்து ஆறாம் வார்டின் பாடமாகப் பிரசவப் பிரிவைப் பற்றிச் சொன்னாள். அதை எல்லாரும் கேட்டார்கள், ஆனாலும் அவர்கள் கண் மேல் வரிக்கே போய்ப் போய் வந்தது. வெர்னா அதைக் கவனித்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திருப்தி இருந்தது.

பொறுப்பு கிரெட்டாவுக்குப் போயிற்று. கை தூக்கச் சொன்னபோது எல்லாரும் தூக்கினார்கள், வெர்னா கடைசியாகத் தூக்கினாள். கிரெட்டா மகிழ்ச்சியில் அழுததைப் பார்த்து, அழுதாலும் அழகாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தாள்.

புறப்படும்போது, நான்காம் வார்டை என்ன செய்யலாம் என்று கிரெட்டா அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வார்டு என்னோடதுதான்," என்றாள் வெர்னா. "எந்தச் சனிக்கிழமையும் நீ அந்தப் பக்கம் வரக் கூடாது. அஞ்சு, நாலு எல்லாத்துக்கும் நானே போறேன்." கையை நீட்டினாள். கிரெட்டா மேஜைமேல் இருந்த நாற்பத்து மூன்று அட்டைகளையும் அந்தக் கையில் வைத்தாள்.

வீட்டுக்கு வரும்போது மணி நாலுகூட ஆகவில்லை. பனி லேசாகப் பெய்துகொண்டிருந்தது. வெர்னாவும் வெண்டலும் எப்போதும் சமையலறைக் கதவு வழியாகத்தான் போய் வருவார்கள். இன்றைக்கு அவள் முன்பக்கம் சுற்றிப் போனாள். படியில் பனி அள்ளாமல் கிடந்தது. கட்டிலிருந்து வெண்டலின் அட்டையை உருவிக்கொண்டு ஏறிப் போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

மஃபின் குரைத்தது. உள்ளே வெகுநேரம் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

"சாவியத் தொலைச்சிட்டியா, கேப்டன்?" என்றார் வெண்டல்.

"அவ எவ்வளவு நேரம் நின்னா?"

வெண்டல் அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. "இருபது நிமிஷம் இருக்கும். ரெண்டாவது வாட்டி உள்ள வந்து உக்காந்தா. மஃபின் காதுக்கு மருந்து போட்டா."

"காப்பி குடுத்தியா?"

"குடுத்தேன்."

"எந்தக் கோப்பையில?"

அவர் மஃபினைப் பார்த்தார். நீலக் கோப்பை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கோப்பை. அழிப்பானை எடுத்து, அட்டையைக் கதவு நிலையில் வைத்து, ஒன்றைச் சுற்றியிருந்த வட்டத்தை அழுத்தி அழுத்தி அழித்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் கை தானாகவே மறுபடி வட்டம் போடப் போனது. நிறுத்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஏன் போடல?" என்று கேட்டாள்.

வெண்டல் கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "ஒவ்வொரு வாட்டியும் ஒரு கட்டு நோட்டீஸ் கொண்டாந்து அடுப்படியில வைப்ப. நானும் எடுத்துப் படிப்பேன். அதுல எனக்குன்னு எதுவும் இருக்காது. இந்த வருஷம் பாரு, நம்ம பொண்ணு பொறந்த இடத்தையே மூடிட்டான். அன்னிக்கு நீ விடிய விடிய வலியில கிடந்த, நான் அந்த வராந்தாவுல நின்னுட்டிருந்தேன். அதைப் பத்தி உன் நோட்டீஸ்ல ஒரு வரி இல்ல. உன்கிட்டயே சொல்லலாம்னு பாத்தேன். நீ வாசல்ல செருப்பு மாட்டிட்டு நின்ன."

வெர்னா பென்சிலை எடுத்தாள். அட்டையில் பச்சை மைக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் அதைப் பென்சிலால் எழுதினாள். எழுத்தில் ஒரு திருத்தம் விழுந்தது. விழட்டும் என்று விட்டாள்.

"உள்ள வா, குளிருது," என்றார் வெண்டல். "அப்புறம் சொல்றேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

"இங்கயே சொல்லு," என்றாள். "நான் இன்னும் பதினாலு நிமிஷம் நிக்கணும்."